ரத்தத்தைக் கேட்கிறீர்கள், எங்களைக் கேட்பதில்லை: டெஸ்டோஸ்டிரோன் எழுதித்தரும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சிகிச்சையாகத் தரும் மருத்துவர்களுக்கும், ஆண்கள் நல மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும்,

நான் சிகிச்சை பெறும் இடத்திலிருந்து போன மாதம் ஒரு செய்தி வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரம்புக்குள் இருப்பவர்கள் இனி மருத்துவரை நேரில் பார்க்கத் தேவையில்லையாம். மருந்துச் சீட்டு தானாகவே புதுப்பிக்கப்படுமாம். ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், அவ்வப்போது ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். எடை கேட்டிருந்தது. ரத்த அழுத்தம், கால் வீக்கம், முகப்பரு, மார்பகத்தில் வலி, சிறுநீர் கழிப்பதில் சிரமம், தாம்பத்திய ஆர்வம் எல்லாம் கேட்டிருந்தது. தூக்கம் எப்படி, கோபம் எப்படி, மனசு எப்படி என்று ஒரு வரி இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. இந்த மருந்தால் எனக்கு நடந்த மாற்றங்களிலேயே பெரியது மனதில்தான் நடந்தது. நல்லதும் அங்கேதான், கெட்டதும் அங்கேதான். அந்த இடத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் மருந்தைப் புதுப்பித்துக்கொண்டே போவதை ஒரு வசதி என்று என்னால் ஏற்க முடியாது. முதலில் அந்த ஒரு மருத்துவமனைக்கு மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இதே சிகிச்சையில் இருக்கும் மற்றவர்களோடு பேசியபோது, அவர்களையும் யாரும் இதைக் கேட்டதில்லை என்று தெரிந்தது. ஆகவே உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்தவன் என்று என்னை ஒதுக்குவது சுலபம். மூளைக்கு அடியில் இருந்து மற்ற சுரப்பிகளுக்குக் கட்டளை அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பியில் எனக்குக் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டி போயிற்று, சுரப்பியின் வேலையும் போயிற்று. விரைகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் ஹார்மோன் சுரக்கச் சொல்லி மேலேயிருந்து கட்டளை வருவதில்லை. கார்டிசோலுக்கும் தைராய்டுக்கும் மாத்திரை கொடுத்துச் சரிசெய்த பிறகு டெஸ்டோஸ்டிரோனைப் பார்த்தார்கள். அது எந்த ஆய்வகத்தின் வரம்பை வைத்துப் பார்த்தாலும் குறைவு. இளமை ஆசைக்காகவோ உடற்பயிற்சிக் கூடத்துக்காகவோ இந்த ஊசியைத் தேடி வந்தவன் நான் இல்லை. இது இல்லாமல் எனக்கு முடியாது.

மருந்து இல்லாத அந்தக் காலத்தில் என் மனம் இருந்த நிலையைச் சோகம் என்று சொல்ல முடியாது. சோகத்துக்காவது ஒரு காரணம் இருக்கும். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பிடித்த பாட்டு ஒலித்தால் அது பாட்டு என்று தெரியும், அவ்வளவுதான். தாடி வளர்வது குறைந்து, தினமும் ஷேவ் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போனதைக்கூட மனைவிதான் கவனித்துச் சொன்னாள். ஊசி தொடங்கிச் சில வாரங்களில் அந்த மந்தம் மெல்ல விலகியது. ஒரு வேலையை ஆரம்பித்தால் முடிக்கலாம் என்ற எண்ணம் திரும்பி வந்தது. ஆகவே இந்த மருந்துக்கு எதிராக நான் எழுதவில்லை என்பதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எனக்கு எழுதிக்கொடுத்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், எண்ணெயில் கரைத்த ஈனந்தேட் என்ற டெஸ்டோஸ்டிரோன் வகை ஊசி. பல காலமாகப் பழக்கத்தில் இருக்கும் அளவு இது. இந்த ஊசி உடம்பில் எப்படி நடந்துகொள்கிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். போட்ட இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் அளவு உச்சத்துக்கு ஏறுகிறது, பலருக்கு இயல்பான வரம்பையும் தாண்டி. அப்புறம் இறங்கத் தொடங்கி, அடுத்த ஊசிக்கு முந்தைய நாட்களில் கிட்டத்தட்ட பழைய பற்றாக்குறைக்கே போய்விடுகிறது. உடம்பே சுரக்கும்போது இப்படி நடப்பதில்லை. காலையில் கூடி மாலையில் குறையும் ஒரு சின்ன அலைதான் உண்டு.

காகிதத்தில் இதை ஒரு கோடாக வரைந்துவிடலாம். வீட்டுக்குள் அது வேறு மாதிரி இருந்தது. ஊசி போட்ட மூன்றாம் நாள் நான் வேகமாகப் பேசுவேன், எல்லாவற்றுக்கும் அவசரப்படுவேன், இரவில் தூக்கம் தள்ளிப்போகும். இரண்டாவது வாரத்தின் கடைசியில் சின்னச் சத்தம்கூடத் தாங்காது. ஒரு மாலை என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அந்தக் கரகர சத்தம் என் மண்டைக்குள் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவள் சீவலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு எழுந்து போனாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு என் முகத்தைப் பார்த்து இன்று எப்படிப்பட்ட நாள் என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது. என் கோப்பில் அப்படி ஒரு தகவலே இல்லை.

இதை முதலில் கேட்டவர் மருத்துவர் இல்லை, ஊசி போடும் செவிலியர். அந்த எண்ணெய் மருந்து கெட்டியாக இருக்கும். அவர் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிச் சூடாக்குவார், சூடானால் ஊசியில் சுலபமாக இறங்கும் என்பார். மருந்தை மெதுவாக ஏற்றும்போது பேச்சுக் கொடுப்பார். "இந்த வாரம் வீட்டுல எப்படி சார்? தேதி நெருங்குறப்ப நிறைய பேரு இப்படித்தான் சிடுசிடுன்னு வர்றாங்க. போட்ட ரெண்டு நாளைக்கு வேற ஆளு மாதிரி போன் பண்ணுவாங்க." எனக்கு மட்டும்தான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன். உங்கள் இடத்தில் மனநிலையைப் பற்றிய ஒரே விசாரணை அந்தப் பேச்சுதான். புதிய ஏற்பாட்டில் அவரும் இல்லை.

செவிலியர் சொன்னதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "லெவல் நல்லாத்தானே இருக்கு, இது ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்" என்றார். லெவல் நன்றாகத்தான் இருந்தது. இந்த வகை ஊசிக்கு இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ரத்தம் எடுப்பது வழக்கம், எனக்கும் அப்படித்தான் எடுத்திருந்தார்கள். மேடும் பள்ளமுமான பாதையை நடுவில் ஒரே இடத்தில் அளந்துவிட்டு, பாதை சமமாக இருக்கிறது என்று எழுதுவது மாதிரி. உச்சத்திலும் அடிமட்டத்திலும் தனித்தனியாக அளந்து பார்க்கும் வழியும் உண்டு என்பதை நான் பிற்பாடு வேறொரு மருத்துவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். அவர் இரண்டு அளவையும் எடுத்துப் பார்த்தார். மொத்த மருந்தை மாற்றவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் போட்டதை இரண்டாகப் பிரித்து வாரம் ஒருமுறை 100 மில்லிகிராம் ஆக்கினார். அவ்வளவுதான் செய்தார். என் வீட்டில் நாட்களைக் கணக்குப் பார்த்துப் பேசும் பழக்கம் மெல்ல நின்றது.

சிலருக்குத் தினமும் பூசும் ஜெல் சரிப்படுகிறது. அதில் ஏற்ற இறக்கம் குறைவு. பூசிய தோல் குழந்தைகள்மேலோ பெண்கள்மேலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற தொல்லை உண்டு. பத்து வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும் அன்டெகனோவேட் என்ற வகை ஊசியும் இருக்கிறது. எது யாருக்கு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மனநிலை ஆடுகிறது என்ற தகவல் உங்கள் கைக்கு வந்தால்தானே மாற்றி யோசிப்பீர்கள்? கேட்காத கேள்விக்கு அந்தத் தகவல் எப்படி வரும்?

இனி ஆராய்ச்சிகளுக்கு வருகிறேன். "மனநிலைக்கும் இதுக்கும் சம்பந்தம் தெளிவா இல்லை" என்று சொல்லிப் பேச்சை முடிக்கும் மருத்துவர்களையும், "சோர்வா? டெஸ்டோஸ்டிரோன் போடுங்க, மனசு பறக்கும்" என்று விளம்பரம் செய்யும் இடங்களையும் ஒருசேரப் பார்த்துவிட்டேன். இரண்டு பேருமே பாதியைத்தான் சொல்கிறார்கள்.

மனநிலைக்குப் பலன் உண்டு. 2019-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 27 ஆய்வுகளையும் 1,890 ஆண்களையும் சேர்த்துப் பார்த்து, மனச்சோர்வு அறிகுறிகள் டெஸ்டோஸ்டிரோனால் குறைவதாகச் சொன்னது. ஆனால் அந்தக் குறைவு பெரியது இல்லை. 2016-இல் 65 வயதைத் தாண்டிய 790 ஆண்களிடம் ஓராண்டு நடத்திய ஆய்விலும் மனநிலை கொஞ்சம் மேம்பட்டது. உற்சாகத்தை அளக்க எடுத்துக்கொண்ட முக்கிய அளவுகோலில் வித்தியாசம் தெரியவில்லை. ஞாபக சக்திக்கும் பயன் இல்லை. 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு, முக்கியமாக இதயப் பாதுகாப்பைப் பார்க்க நடத்தப்பட்ட டிராவர்ஸ் ஆய்வு 2023-இல் வந்தது. அதில் மனநிலையையும் தெம்பையும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் கிடைத்த பதில் அதேதான்: முன்னேற்றம் உண்டு, அது சிறியது. இத்தனையும் ஹார்மோன் குறைவாக இருந்தவர்களிடம் பார்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சராசரியில் சிறியதாகத் தெரிவது ஒரு தனி ஆளிடம் பெரிதாக இருக்கலாம், நல்லதாகவோ கெட்டதாகவோ. என் கவலை அதுதான். 2000-இல் வெளியான ஒரு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் குறைபாடு இல்லாத ஆண்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் வரை, அதாவது வழக்கமான சிகிச்சை அளவைப் போலப் பல மடங்கு கொடுத்துப் பார்த்தார்கள். முடித்த 50 பேரில் 42 பேருக்கு மனதில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 6 பேருக்கு லேசான மிகையெழுச்சி, அதாவது உற்சாகமும் வேகமும் அளவுக்கு மீறும் நிலை, வந்தது. 2 பேருக்கு அது கடுமையாக இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்றாலே ஆண் மூர்க்கமாகிவிடுவான் என்ற பொதுப் புத்தியை அந்த 42 பேர் பொய்யாக்குகிறார்கள். அந்த 2 பேர் யாராக இருப்பார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. கேட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எரிச்சல் அதிகமாக இருப்பவருக்கு ஹார்மோன் கூடிவிட்டது என்று முடிவுகட்டுவதும் தவறாகப் போகலாம். என் எரிச்சல் வந்தது அளவு அடிமட்டத்தில் இருந்த நாட்களில்தான். கூடினாலும் எரிச்சல், குறைந்தாலும் எரிச்சல் என்றால் தேதியைக் கேட்காமல் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்?

என் மைத்துனர் கதையை அவர் அனுமதியோடு சொல்கிறேன். வேலை போனதிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. எதிலும் பிடிப்பில்லை என்பார், வெளியே வர மாட்டார். நண்பர் ஒருவர் சொல்லி ஆண்களுக்கான ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனார். அங்கே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். தெம்பு குறைந்திருக்கிறதா, சோகமாகவோ சிடுசிடுப்பாகவோ இருக்கிறீர்களா, இரவு சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறீர்களா என்கிற வகைக் கேள்விகள். வேலை போன எந்த மனிதரும் அதில் பாதிக்கு ஆமாம் என்பார். மாலையில் ரத்தம் எடுத்தார்கள். அளவு எல்லைக்குச் சற்றுக் கீழே வந்தது. அந்த வாரமே ஊசி.

இந்த இடத்தில் நடந்த தவறுகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையில் கூடுதலாக இருக்கும் என்பதால் காலையில்தான், முடிந்தால் வெறும் வயிற்றில், அதுவும் வேறு வேறு நாட்களில் இருமுறையாவது பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தூக்கமின்மை, உடல் பருமன், நோய், ஸ்டீராய்டு மருந்துகள், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணிகள் எல்லாமே அந்த அளவைக் கீழே இழுக்கும். மனச்சோர்விலும் அளவு குறைந்து காணப்படுவதுண்டு. 40 முதல் 79 வயதுவரையான 3,369 ஆண்களிடம் ஐரோப்பாவில் நடத்திய ஆய்வு 2010-இல் வந்தது. குறைந்த டெஸ்டோஸ்டிரோனோடு தெளிவாகச் சேர்ந்து வருபவை மூன்று பாலியல் அறிகுறிகள்தான் என்றது அது. அந்த அளவுகோலின்படி வயது சார்ந்த உண்மையான குறைபாடு 2.1 சதவீதத்தினருக்கே இருந்தது. சோர்வையும் துக்கத்தையும் மட்டும் வைத்து இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? "வேலை எப்போ போச்சு?" என்று அவரிடம் ஒருவர் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

முதல் மாதம் அவர் ஆளே மாறிவிட்டார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் விடியற்காலை மூன்று மணிக்குத் தொலைபேசியில் அழைத்துத் தொழில் திட்டங்கள் பேச ஆரம்பித்தார். ஒரே நேரத்தில் மூன்று தொழில். கடன் வாங்கினார். பழைய நண்பர்களோடு சண்டை போட்டு, போகட்டும் என்று விட்டுவிட்டார். அவர் மனைவி பயந்துபோய் சிகிச்சை நிலையத்தை அழைத்தபோது, "மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று பதில் வந்தது. கூடவே ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க ஒரு மாத்திரையும் வழக்கமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுவது இயற்கை. அது ஆண்களுக்கும் தேவை, அளவுக்கு மீறிக் குறைந்தால் ஆசையும் குறையும் என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. யாருக்காக அந்த மாத்திரை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கடன்காரர்கள் வரத் தொடங்கியதும் அவராகவே ஊசியை நிறுத்திவிட்டார். யாரும் அவரை எச்சரித்திருக்கவில்லை. வெளியிலிருந்து ஹார்மோன் வரும்போது மூளை விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது, விந்தணு உற்பத்தியும் அதோடு சேர்ந்து படுத்துவிடுகிறது. மருந்தை நிறுத்தினால் எல்லாம் மறுநாளே எழுந்துகொள்ளாது. பலருக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அந்த இடைவெளியில் உடம்பு சொந்தமாகவும் சுரக்காது, வெளியிலிருந்தும் வராது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளோடு வரும் குறிப்புத் தாளில் சேர்க்கச் சொன்ன எச்சரிக்கையிலேயே இது இருக்கிறது. அதிக அளவில் தவறாகப் பயன்படுத்துவோர் நிறுத்தும்போது மனச்சோர்வு, அசதி, எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை வரலாம் என்று. என் மைத்துனர் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை, எழுதிக்கொடுத்ததைத்தான் போட்டுக்கொண்டார். அந்த வாரங்களில் ஒரு நாள் என் மனைவியிடம், "அக்கா, நான் இல்லாட்டி யாருக்கும் ஒண்ணும் குறையாது" என்றார்.

அன்றே அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் எழுதியது மனச்சோர்வுக்கான சிகிச்சை, கூடவே மிகையெழுச்சிக்கான வாய்ப்பையும் கவனித்தார். சில மாதங்கள் கழித்துக் காலை நேரத்தில் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். ஊசி அவருக்குத் தேவையே இருந்ததில்லை.

"ஆரம்பத்தில் நன்றாகத்தானே இருந்தார்" என்று அந்த நிலையத்தில் சொன்னார்கள். ஆரம்பத்தில் நன்றாக இருப்பது எதற்குச் சான்று? பிரவுன் செக்கார்ட் என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1889-இல் தன் 72-ஆவது வயதில் நாய், கினிப் பன்றி விரைகளின் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று பாரிஸில் அறிவித்தார். நீரில் இறக்கிய அந்தச் சாற்றில் ஹார்மோன் அநேகமாக எதுவுமே இருந்திருக்காது. டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்துச் செயற்கையாகத் தயாரித்ததே 1935-இல்தான். நம்பிக்கை மட்டுமே ஒரு மனிதரைச் சில வாரங்கள் துள்ள வைக்கும். அதனால்தான் முதல் மாதப் புன்னகையை வைத்து யாரையும் தானியங்கிப் பட்டியலில் தள்ளிவிடாதீர்கள் என்கிறேன்.

"நோயாளியே சொல்லலாமே, யார் தடுத்தார்கள்" என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சிகிச்சைக்கு வருகிற ஆண் ஏற்கெனவே கூச்சப்பட்டுக்கொண்டுதான் வருகிறார். ஆண்மைக் குறைவு என்று ஊர் பேசுமோ என்ற பயம் ஒரு பக்கம். மருந்து தொடங்கியும் மனசு சரியில்லை என்று சொன்னால் தன்னிடம்தான் குறை என்று நினைப்பார்களோ என்பது இன்னொரு பக்கம். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் இருந்தது. அதோடு, மிகையெழுச்சியில் இருப்பவருக்குத் தான் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். அதை அவர் வாயால் எப்படிச் சொல்வார்? அவர் வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். என் விஷயத்திலும், மைத்துனர் விஷயத்திலும் முதலில் கண்டுகொண்டது மனைவிமார்தான். அவர்கள் இருவரையும் எந்த மருத்துவமனையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மனதோடு பின்னிக்கிடக்கும் வேறு சிலவும் இருக்கின்றன. குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்க நோய் இருந்தால் இந்த மருந்து அதைக் கூட்டக்கூடும், தூக்கம் கெட்டால் மறுநாள் மனசும் கெடும். ஹீமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுவதை மட்டும் நன்றாகவே பார்க்கிறீர்கள், 54 சதவீதம் தாண்டினால் நிறுத்திவிடுகிறீர்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். அதே அக்கறையைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது புதிய கருவியோ விலை உயர்ந்த பரிசோதனையோ இல்லை. ஒன்பதே கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வுப் படிவம் உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும், நிரப்பச் சில நிமிடங்கள் போதும். இரண்டு வார ஊசிக்காரர்களுக்கு அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. எஃப்டிஏ 2018-இல் அனுமதித்த, தோலுக்கடியில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியின் குறிப்புத் தாளிலேயே மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற எச்சரிக்கை உங்கள் படிவத்துக்குள் ஏன் இல்லை?

ஆகவே என் கோரிக்கைகள்.

சிகிச்சை தொடங்கும் முன்பே மனநிலையை எழுத்தில் பதிவு செய்யுங்கள். முன்பு மனச்சோர்வு இருந்ததா, மிகையெழுச்சி இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உண்டா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், சமீபத்தில் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். காலை நேரத்து ரத்தத்தில் அளவு இரண்டுமுறை குறைவாக வந்தால் ஒழிய ஊசியைத் தொடாதீர்கள். மனச்சோர்வு மருந்து எடுப்பவரிடம், இந்த ஊசி அதற்கு மாற்று இல்லை, அதைத் தானாக நிறுத்தக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குறைபாடு இல்லாதவருக்கு மனச்சோர்வு மருந்தாக இதை விற்காதீர்கள்.

சிகிச்சை தொடங்கிய 3 முதல் 12 மாதங்களுக்குள் ஆளைப் பார்த்து மதிப்பிடும்படி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன, பிறகு ஆண்டுதோறும். அந்தச் சந்திப்புகளை ரத்தப் பரிசோதனையோடு மட்டும் முடித்துக்கொள்ளாதீர்கள். நேரில் பாருங்கள், முடியாவிட்டால் தொலைபேசியிலாவது பேசுங்கள். தூக்கம், எரிச்சல், அவசரம், செலவு, தனிமை, சாவு எண்ணம் எல்லாவற்றையும் கேளுங்கள். கடைசி ஊசி என்றைக்குப் போட்டார் என்பதைப் பதிலுக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். நோயாளி சம்மதித்தால் அவரோடு வாழ்கிற ஒருவரிடமும் கேளுங்கள். ஏற்ற இறக்கம் தெரிந்தால் "ஸ்ட்ரெஸ்" என்று அனுப்பிவிடாமல் உச்சத்தையும் அடிமட்டத்தையும் அளந்து, ஊசியைப் பிரித்தோ வகையை மாற்றியோ பாருங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் யாருடைய சீட்டையும் தானாகப் புதுப்பிக்காதீர்கள்.

வீட்டிலேயே ஊசி போடுபவர்களுக்கு ஒரு செவிலியரின் தொலைபேசி எண்ணாவது வேண்டும், எடுத்துப் பேசுகிற எண். குடும்பத்தார் அழைத்தாலும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

நிறுத்துவதைப் பற்றி முதல் நாளே பேசுங்கள். குழந்தை வேண்டும் என்பவருக்கு இந்த மருந்து என்ன செய்யும், நிறுத்தினால் மனசும் உடம்பும் எத்தனை காலம் தடுமாறலாம், அந்தக் காலத்தில் யார் கவனிப்பார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டிக் கையில் கொடுங்கள். ஒருவர் ஊசிக்கு வருவதை நிறுத்திவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை அடிக்காமல் கூப்பிட்டுக் கேளுங்கள். தேவைப்பட்டால் அன்றே அனுப்பிவைக்க ஒரு மனநல மருத்துவரோடு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எந்த மாதத்திலிருந்து செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். உங்களிடம் ஊசி போட்டுக்கொள்ளும் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்